கரு நீல ஸ்விஃப்ட், பானட் முழுக்கச் சிலந்தி வலை: மூன்று தடவை பாலிஷ் போட்டும் போகவில்லை

ராமமூர்த்திநகர்_வாசி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 2019 ஸ்விஃப்ட், கரு நீலம். இரண்டு வருடத்துக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன், அப்போது பளபளவென்றுதான் இருந்தது. எங்கள் பேஸ்மென்ட் டியூப்லைட்டில் இன்றைக்கும் ஒன்றும் தெரியாது. போன மாதம் ஒரு சாயங்காலம் நம் பெங்களூரு டின் ஃபேக்டரி சிக்னலில் நிற்கிறேன், மேற்கு வெயில் நேராக பானட்டில் விழுந்தது பாருங்கள், வயிறு எரிந்துவிட்டது. புது எவர்சில்வர் தட்டைக் கம்பி நாரால் தேய்த்தால் எப்படி இருக்கும், அப்படி. சூரியன் தெரிகிற இடத்தைச் சுற்றி வட்டம் வட்டமாக மெல்லிய கோடுகள்.

முதலில் வீட்டுப் பக்கத்தில் ஒரு டீடெய்லிங் கடையில் விட்டேன். மூன்று ஸ்டெப் பாலிஷ் என்று 4,500 ரூபாய். வாங்கும்போது ஷோரூம் வண்டி மாதிரி இருந்தது, மூன்று வாஷ் முடிந்ததும் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. கேட்டால் "உங்கள் போர் தண்ணி சார்" என்கிறார். அடுத்து நானே ஜே.சி. ரோட்டில் ரப்பிங் காம்பவுண்ட் (தேய்த்துக் கீறல் எடுக்கும் பசை) டப்பா ஒன்று வாங்கி ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கையாலேயே தேய்த்தேன். தோள் வலிதான் மிச்சம், மேலே ஒரு மங்கல் வேறு சேர்ந்துகொண்டது. அதுவும் போதாதென்று நண்பனுடைய டிரில்லில் ஸ்பாஞ்ச் பேட் மாட்டி ஓட்டினோம் (திட்டாதீர்கள்). இப்போது ராத்திரி தெருவிளக்கில் பார்த்தால் பானட்டில் பாம்பு ஊர்ந்து போன மாதிரி ஒரு மினுமினுப்பு.

இடது பக்கம் பின் கதவுதான் ரொம்பப் பிடிவாதம். அங்கே வட்டம் இல்லை, கோடு கோடாக இருக்கிறது, எதைப் போட்டாலும் அசையவில்லை.

அதே கடைக்காரர் இப்போது 22,000 ரூபாய்க்குச் செராமிக் கோட்டிங் (பெயின்ட் மேல் பூசும் மெல்லிய பாதுகாப்புப் பூச்சு) அடித்தால் கீறல் எல்லாம் அடைபட்டு மறைந்துவிடும் என்கிறார். வீட்டில், அந்தக் காசைப் பையன் ஸ்கூல் ஃபீஸில் போடு என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும்? மெஷின் வாங்கலாமா, செராமிக் அடிக்கலாமா, இல்லை இப்படியே விட்டுவிடலாமா?

ஒயிட்ஃபீல்டு_டீசல்

பாஸ், யோசிக்காமல் செராமிக் அடித்துவிடுங்கள். நான் அடித்து ஒரு வருடம் ஆகிறது, தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது, சக்கத்தாக, சூப்பராக இருக்கிறது.

அல்சூர்_பாலிஷ்_பைத்தியம்

தண்ணீர் முத்தாக ஓடுவதற்கும் கீறல் போவதற்கும் சம்பந்தம் இல்லை நண்பா. செராமிக் காய்ந்தபின் ஒரு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, பக்கம்தான் நிற்கும். அது எந்தக் கீறலை அடைக்கும்? கீழே என்ன இருக்கிறதோ அதன்மேல் கண்ணாடி போட்டு மூடின மாதிரி. பின்னால் பாலிஷ் செய்ய வேண்டும் என்றால் முதலில் அந்தக் கோட்டிங்கைத் தேய்த்து எடுக்க வேண்டும். ஒழுங்கான கடையில் செராமிக்குக்கு வாங்கும் காசில் பெரும் பகுதி அதற்கு முன்னால் செய்யும் பாலிஷ் வேலைக்குத்தான். அந்த வேலையையே செய்யாமல் "அடைபட்டுவிடும்" என்று ஒருவர் சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

இப்போது ரா.மூ. நகர்க்காரருக்கு. முதல் கடையில் உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்திருக்கிறது, 2017-ல். அவர்கள் கீறலை எடுக்கவே இல்லை, எண்ணெயும் ஃபில்லரும் கலந்த கிளேஸ் ஒன்றைத் தடவிக் கீறலை நிரப்பி அனுப்பினார்கள். ஷாம்பு இரண்டு மூன்று முறை பட்டதும் ஃபில்லர் கழுவிப் போய்விடும், கீறல் எங்கும் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருக்கும். போர் தண்ணீருக்கு வேறு பாவங்கள் உண்டு, இந்தப் பாவம் இல்லை. அடுத்த தடவை யாரிடம் கொடுத்தாலும் வண்டியை எடுக்கும் முன் ஐபிஏ கொண்டு துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால்தான், சரிபாதி தண்ணீர் கலந்து ஸ்பிரே பாட்டிலில் வைத்துக்கொள்ளலாம். எண்ணெய்ப் பசை போனபின்னும் சுத்தமாக இருந்தால்தான் வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

கொஞ்சம் கணக்கு சொல்கிறேன், இது தெரியாமல் மெஷினைத் தொடாதீர்கள். கம்பெனி பெயின்ட் பிரைமர், கலர், கிளியர் கோட் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான். அதில் மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சான கிளியர் கோட் மட்டும் 40, 50 பக்கம். தலைமுடி ஒன்று 70 மைக்ரான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு முடி கனத்துக்குள்தான் மொத்த விளையாட்டும். ஸ்வெர்ல் மார்க் என்பது அதில் மேலாக ஒன்றிரண்டு மைக்ரான் ஆழக் கீறல். பாலிஷ் என்றால் கீறலை எடுப்பது இல்லை, கீறலைச் சுற்றியுள்ள கிளியர் கோட்டை அந்த ஆழத்துக்குச் சமமாகச் சீவுவது. சீவினது சீவினதுதான், திரும்ப வளராது. வெயிலைத் தாங்குகிற சரக்கும் அந்த கிளியர் கோட்டுக்குள்தான் இருக்கிறது. அதனால் வண்டியின் ஆயுளில் நன்றாகக் காம்பவுண்ட் போடுவது சில தடவைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் உங்களுக்கு ஏற்கனவே ஒன்றிரண்டு செலவாகிவிட்டது.

அந்த வட்டம் உண்மையில் வட்டம் இல்லை, தெரியுமா? கீறல் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் இருக்கும். வெளிச்சத்துக்குக் குறுக்காக இருக்கிற கோடு மட்டும் மின்னுவதால் விளக்கைச் சுற்றி வலை பின்னின மாதிரி தெரிகிறது. மொபைல் டார்ச்சை நகர்த்திப் பாருங்கள், வலையும் கூடவே நகர்ந்து வரும். நகர்ந்தால் அது ஸ்வெர்ல். நகராமல் மெஷின் போன பாதையிலேயே அலை அலையாக நின்றால் அது ஹாலோகிராம், உங்கள் டிரில்லின் கைவண்ணம். டிரில்லுக்கு வேகம் அதிகம், பேட் சின்னது, ஒரே அச்சில் சுற்றுகிறது, வேறென்ன வரும்?

நல்ல செய்தி: ஹாலோகிராம் மேலோட்டமானது, ஒரு சாஃப்ட் பேடும் ஃபினிஷிங் பாலிஷும் போட்டால் போய்விடும். டிஏ (டூயல் ஆக்ஷன்) பாலிஷ் மெஷின் ஒன்று வேண்டும். அது சுற்றிக்கொண்டே ஆடவும் செய்யும், அதனால் ஒரே இடத்தில் சூடேறாது, புதுசாகப் பிடிப்பவர் பெயின்டை எரித்துவிடுவது கஷ்டம். 15 மில்லிமீட்டர் த்ரோ (பேட் ஆடும் அகலம்), 5 இன்ச் பேட் போதும்.

செய்யும் முன் கழுவி, க்ளே பார் (பெயின்டில் ஒட்டின துகளைப் பிடித்து எடுக்கும் களிமண் கட்டி) போட்டு இழுங்கள். கையைப் பாலித்தீன் கவருக்குள் விட்டு பானட்டைத் தடவிப் பாருங்கள், ரவை கொட்டினாற்போல் நறநறவென்று இருக்கும். அது போகாமல் பேட் வைத்தால் அந்த ரவையே புதுக் கீறல் போடும். ரப்பர், பிளாஸ்டிக் ஓரங்களுக்கு மாஸ்கிங் டேப். அப்புறம் பானட்டில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இடம் மட்டும் எடுத்துக்கொண்டு, பேடில் நிலக்கடலை அளவு மூன்று பொட்டு, ஸ்பீடு 1-ல் பரப்பி, 4 அல்லது 5-க்கு ஏற்றி, வினாடிக்கு ஓர் இன்ச் என்ற நிதானத்தில் குறுக்கும் நெடுக்கும் நாலு முறை. துடைத்து, ஐபிஏ அடித்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். முதலில் எப்போதும் லேசான பாலிஷும் மென்மையான பேடும்தான், போகாவிட்டால்தான் ஒரு படி கடினமானது. முழு வண்டிக்கும் எது சரி என்று அந்த ஒன்றரை அடி சொல்லிவிடும்.

நிறையப் பேர் "கீறல் பிடிவாதம்" என்று நினைக்கிற இடத்தில் பேட் சுற்றாமல் நின்றிருக்கும். அழுத்தினாலோ வளைவான இடத்திலோ டிஏ வெறுமனே உதறும், சுற்றாது. பேடின் முதுகில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவையுங்கள், கோடு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தால் பேட் நின்றுவிட்டது, கையைத் தளர்த்துங்கள். இந்த ஒரு கோட்டைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு மாதம் ஆனது. ஒவ்வொரு இடம் முடிந்ததும் பிரஷ்ஷால் பேடைச் சுத்தம் செய்யுங்கள், காய்ந்த காம்பவுண்ட் கட்டி தட்டினால் அதுவே உப்புத்தாள்.

நகத்தை மெதுவாகக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டுகிற கீறலை விட்டுவிடுங்கள். அதைத் துரத்திக்கொண்டு போனால் கலர் வந்துவிடும்.

சிவாஜிநகர்_பெயின்டர்

தம்பி சொன்னது பெரும்பாலும் சரி. நான் இருபத்தாறு வருடம் ஸ்பிரே கன் பிடித்தவன், சிவாஜிநகர் ஷெட்டில் ஆரம்பித்தேன். ரோட்டரியை (டிரில் மாதிரி ஒரே அச்சில் சுற்றும் பாலிஷ் மெஷின்) நினைத்து இவ்வளவு பயப்பட வேண்டாம், கையில் பழக்கம் இருந்தால் டிஏ ஒரு மணி நேரத்தில் செய்வதை ரோட்டரி இருபது நிமிடத்தில் செய்யும். பழக்கம் இல்லாதவர் கையில் கொடுக்கக் கூடாது, அது மட்டும் உண்மை.

எரிவது எங்கே என்றால் ஓரத்தில். பானட்டின் மடிப்பு, கதவின் விளிம்பு, ஃபெண்டரின் கூர்மையான கோடு, இங்கெல்லாம் பெயின்ட் அடிக்கும்போதே மெல்லிசாகத்தான் நிற்கும், பேட் அங்கே முழு அழுத்தத்தையும் ஒரு கோட்டில் வைக்கும். அரை இன்ச் தள்ளி நிறுத்திவிட்டு ஓரத்தைக் கையால் தொடுங்கள். பம்பர் பிளாஸ்டிக், சூட்டை உள்ளே வாங்கிப் பரப்பாது, மேலேயே நிற்கும், அங்கே வேகத்தைக் குறைத்து விரலால் அடிக்கடி தொட்டுப் பாருங்கள். கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் குழியில் நகக்கீறல் நிறைய இருக்கும், அங்கே மெஷின் நுழையாது, அதுவும் கைவேலைதான்.

எனக்கு அந்தப் பின் கதவுமேல்தான் சந்தேகம். வட்டம் இல்லை, கோடு என்கிறீர்கள். கோடுகள் எல்லாம் ஒரே திசையில் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகிறதா? நகத்துக்கு ஒன்றும் தட்டுப்படாமல் வழவழப்பாக இருக்கிறதா? அப்படியென்றால் ஒரு வேலை செய்யுங்கள். கதவில் தண்ணீர் ஊற்றி, ஈரம் இருக்கும்போதே வெயிலில் பாருங்கள். மேலே இருக்கும் கீறல் என்றால் தண்ணீர் நிரம்பியதும் மறைந்துவிடும், காய்ந்ததும் வரும். ஈரத்திலும் அப்படியே தெரிந்தால் அது மேலே இல்லை, கிளியருக்கு அடியில் இருக்கிறது. பதில் போடுங்கள், மீதியை அப்புறம் சொல்கிறேன். முடிந்தால் பெயின்ட் கனம் காட்டும் மீட்டர் வைத்தும் பாருங்கள்.

ஜீவன்பீமாநகர்_அக்கா

எல்லோரும் எடுப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்தக் கீறல் எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. தினமும் காலையில் வண்டியைத் துடைக்க ஆள் வருகிறாரா இல்லையா?

எங்கள் அபார்ட்மென்டில் ஒருவர் வருகிறார். ஒரு பக்கெட், ஒரு மஞ்சள் துணி, பதினான்கு வண்டி. ஒரு நாள் மாடியிலிருந்து பார்த்தேன், முதல் வண்டியின் சக்கரத்தைத் துடைத்த துணியை அதே தண்ணீரில் ஒரு முக்கு முக்கி அடுத்த வண்டி பானட்டில் போட்டார். அவர்மேல் தப்பு சொல்ல மாட்டேன், அவருக்குக் கொடுக்கிற காசுக்கும் கொடுக்கிற தண்ணீருக்கும் அவ்வளவுதான் செய்ய முடியும். ஒரு பக்கம் மெட்ரோ வேலை, இன்னொரு பக்கம் கட்டடம், பேஸ்மென்டில் ஒரே ராத்திரியில் மண் படிகிறது. அந்த மண்ணைப் போதிய தண்ணீர் இல்லாமல் தினமும் வட்டமாகத் தேய்த்தால் 365 நாளில் என்ன ஆகும்? பாலிஷ்காரர் எடுப்பதை இவர் ஒரு மாதத்தில் திரும்பப் போட்டுவிடுவார்.

2024 மார்ச்சில் ஊரில் போர் எல்லாம் வற்றியபோது குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று நீர் வாரியம் சொன்னது ஞாபகம் இருக்கும். அப்போது எங்கள் கட்டடத்தில் ஆர்.ஓ. மெஷினின் கழிவு நீரைப் பிடித்து வைத்து அதில் துடைக்க ஆரம்பித்தார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் ஆர்.ஓ. வடிகட்டித் தள்ளின உப்பு எல்லாம் அதில்தானே இருக்கிறது? போர் தண்ணீரே நம் பக்கம் கடினம், இது அதற்கும் மேல். காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு, அதைக் காய்ந்த துணியால் சுரண்டினால் இன்னொரு வரிசைக் கீறல். பொட்டு வந்துவிட்டால் வெள்ளை வினிகரில் பாதித் தண்ணீர் கலந்து, நிழலில், ஒரு நிமிடம் ஈரத்துணியாக வைத்துவிட்டுக் கழுவுங்கள்.

நான் செய்தது இது: அவருக்கு மாதா மாதம் கொடுக்கும் அதே காசைக் கொடுத்து, "அண்ணா, கண்ணாடியும் சக்கரமும் மட்டும் போதும், பாடியைத் தொடாதீர்கள்" என்று சொல்லிவிட்டேன். முதலில் எனக்கு அவர்மேல் கோபம் என்று நினைத்தார். வாரம் ஒரு தடவை நானே ரின்ஸ்லெஸ் வாஷ் (பின்னால் அலசத் தேவையில்லாத கழுவல்) செய்கிறேன், பக்கெட்டில் அதற்கான மருந்து ஒரு மூடி, ஏழெட்டு மைக்ரோஃபைபர் துணி ஊறப்போட்டு, நாலாக மடித்து, ஒரு பக்கம் அழுக்கானதும் அடுத்த பக்கம், எட்டுப் பக்கமும் முடிந்தால் அந்தத் துணி திரும்பப் பக்கெட்டுக்குள் போகாது. மேலிருந்து கீழாக, நேர்க் கோட்டில், அழுத்தாமல். ஒரு பக்கெட் தண்ணீரில் முழு வண்டியும் முடிகிறது. சேறு அப்பியிருந்தால் மட்டும் முதலில் தண்ணீர் அடித்துவிட வேண்டும்.

இன்னொன்று, ஆயுத பூஜைக்கு பானட்டில் விபூதிப் பட்டையும் சந்தனமும் போட்டுவிட்டு மறுநாள் காய்ந்ததைத் துணியால் உதறுவோமே, அதுவும் தேய்ப்புதான். என் வெள்ளை வண்டியில் தெரியவில்லை, உங்கள் நீலத்தில் தெரியும்.

ஒயிட்ஃபீல்டு_டீசல்

அக்கா, எங்கள் கட்டடத்திலும் அதே மஞ்சள் துணிதான். இப்போதுதான் கீழே போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். செராமிக் அடித்த பானட்டிலும் வலை இருக்கிறது. தண்ணீர் மட்டும் இன்னும் முத்தாகத்தான் ஓடுகிறது.

ராமமூர்த்திநகர்_வாசி

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நிறைய நடந்துவிட்டது.

அல்சூர் நண்பர் போன ஞாயிறு மெஷினும் மீட்டரும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார், மதியச் சாப்பாட்டுக்கு அதிகமாக எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. பானட்டில் மீட்டர் 105, 108, 112 மைக்ரான் என்று காட்டியது. கூரை 118. முன் கதவு 110. பின் கதவில் வைத்ததும் 274. மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து நாலு இடத்தில் வைத்தோம், 260-க்குக் கீழே இறங்கவே இல்லை. அதற்குப் பின்னால் குவார்ட்டர் பேனலும் 240.

பெயின்டர் அண்ணன் சொன்ன மாதிரி தண்ணீர் ஊற்றினேன். பானட்டில் ஈரம் பட்டதும் வலை காணாமல் போனது. கதவில் கோடு அப்படியே நின்றது, எல்லாம் ஒரே திசையில், சீப்பால் வாரினாற்போல்.

பானட் மட்டும் இரண்டு மணி நேரத்தில் முடித்தோம். முதலில் ஃபினிஷிங் பாலிஷும் மென்மையான பேடும், ஹாலோகிராம் போய்விட்டது, வலை பாதிக்கு மேல் இருந்தது. அடுத்து ஒரு படி கடினமான பேடில் மீடியம் காம்பவுண்ட், மறுபடி ஃபினிஷிங். மார்க்கர் கோட்டைப் பார்த்து நான்தான் அரை பானட் ஓட்டினேன், முதல் பத்து நிமிடம் கோடு தெளிவாகத் தெரிந்துகொண்டே இருந்தது, அவ்வளவு அழுத்தியிருக்கிறேன். ஐபிஏ அடித்துப் பார்த்தால் வாஷர் நாசில் பக்கம் நகம் மாட்டுகிற இரண்டு கீறல் மட்டும் மிச்சம். விட்டுவிட்டோம்.

கதவுக்கு என்ன செய்வது அண்ணா?

சிவாஜிநகர்_பெயின்டர்

நினைத்தேன். கம்பெனி பெயின்டுக்கு இவ்வளவு கனம் வராது. அந்தப் பக்கம் வண்டி எங்கோ இடித்திருக்கிறது, டிங்கரிங் செய்து, பள்ளத்தை நிரப்பப் பட்டி போட்டு பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பட்டியை முரட்டு உப்புத்தாளில், 80, 180 நம்பரில் தேய்த்தபின் படிப்படியாக நைசான தாளுக்கு, 320, பிரைமர் மேல் 600, 800 என்று இறங்கி வர வேண்டும். அவசரத்தில் நடுவில் ஒரு தாளைத் தாண்டிவிட்டார்கள், இல்லையென்றால் பிரைமர் காயும் முன்பே கலரை அடித்துவிட்டார்கள். அடித்த அன்று கண்ணாடி மாதிரிதான் இருக்கும், வண்டி கை மாறும். சில மாதத்தில் உள்ளே இருக்கும் தின்னர் முழுக்கக் காய்ந்து பெயின்ட் சுருங்கும்போது அடியில் இருக்கும் தாள் கோடு ஒவ்வொன்றாக மேலே எழுந்து தெரியும்.

அதற்குப் பாலிஷ் கிடையாது, செராமிக் கிடையாது. நீங்கள் மேலே எவ்வளவு தேய்த்தாலும் கோடு கீழே இருக்கிறது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் கதவைத் தேய்த்துத் திரும்ப அடிப்பதுதான் வழி. எனக்குக் கேட்டால் விட்டுவிடுங்கள். வெயிலில் தேடினால்தான் தெரிகிறது, துரு இல்லை, உரியவில்லை. எப்போதாவது அந்தப் பக்கம் யாராவது இடிப்பார்கள், நம் ஊர் டிராஃபிக்கில் அதற்கு ரொம்ப நாள் ஆகாது, அப்போது இன்ஷூரன்ஸில் வேலை செய்யும்போது முழுக்க உரித்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

ராமமூர்த்திநகர்_வாசி

சரி அண்ணா, விட்டுவிடுகிறேன். விற்றவர் என்னிடம் "ஒரு கீறல்கூட இல்லாத வண்டி சார்" என்றுதான் சொன்னார். பொய் சொல்லவில்லை, கீறலை பெயின்டுக்கு அடியில் வைத்துக் கொடுத்திருக்கிறார்.

செராமிக்காரர் நேற்று போன் செய்தார். 22,000 இப்போது 16,000 ஆகிவிட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். துடைக்க வருபவரிடமும் அக்கா சொன்னபடி பேசிவிட்டேன், இரண்டு நாள் பாடியைத் தொடவில்லை, மூன்றாம் நாள் பழக்க தோஷத்தில் கூரையில் ஒரு வட்டம் போட்டிருக்கிறார். மைக்ரோஃபைபர் பத்து வாங்கிவிட்டேன்.

ஒன்றுதான் முடியவில்லை. அடுத்த வாரம் ஆயுத பூஜை, இந்தத் தடவை பானட்டில் விபூதி வேண்டாம், கண்ணாடியில் வைத்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். சாமி குத்தம் என்று இரண்டு நாளாகப் பேச்சு இல்லை.

ஜீவன்பீமாநகர்_அக்கா

நம்பர் பிளேட்டில் வைக்கச் சொல்லுங்கள். நாங்கள் அப்படித்தான் சமாளித்தோம்.